அல்குர்ஆனும் நவீன விஞ்ஞானமும்: கிரகணம் பிடித்த நாளில் நபிகளார் கற்றுத்தந்த பாடம்





ஹிஜ்ரி பத்தாம் ஆண்டு. மதீனா மாநகரைத் துயரம் சூழ்ந்திருந்தது. அன்னை மாரியதுல் கிப்திய்யா (ரழி) அவர்கள் மூலம் நபி (ஸல்) அவர்களுக்குக் கிடைத்த அருமைப் புதல்வர் இப்றாஹீம், இரண்டு வயதைக்கூட நிறைவு செய்யாத பருவத்தில் வபாத்தானார். தமது பிள்ளைகளுள் பாத்திமா (ரழி) அவர்களைத் தவிர ஏனைய அனைவரையும் நபிகளார் அதற்கு முன்னரே பறிகொடுத்திருந்தார்கள். முதிய வயதில் கிடைத்த இந்தக் குழந்தையும் மடியிலேயே உயிர் துறந்தபோது அவர்களின் கண்கள் நீரைச் சொரிந்தன. கண் அழுகிறது, உள்ளம் வருந்துகிறது, ஆயினும் எமது இரட்சகன் பொருந்திக்கொள்ளாத எதனையும் நாம் சொல்லமாட்டோம் என்ற கருத்தையே அவ்வேளையில் அவர்கள் மொழிந்தார்கள்.

அதே நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. வெயில் மங்கி, பகல் தன் நிறத்தை இழந்தது. மக்கள் அஞ்சினர். அல்லாஹ்வின் தூதருடைய மகன் மரணித்ததால்தான் சூரியனும் ஒளியிழந்தது என்று பேசிக்கொண்டனர். பெரும் மனிதர் ஒருவர் இறந்தால் வானம் துக்கம் கொண்டாடும் என்பது ஜாஹிலிய்யாக் காலத்து நம்பிக்கை. அந்த நம்பிக்கையே இப்போது நபிகளார் மீதுள்ள அன்பின் வடிவத்தில் மீண்டும் தலையெடுத்தது.

நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலுக்கு விரைந்து வந்து நீண்ட தொழுகையொன்றை நடத்தினார்கள். பின்னர் மக்களை நோக்கி, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளுள் இரண்டு என்றும், எவருடைய மரணத்துக்காகவோ வாழ்வுக்காகவோ அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்றும், அதனைக் கண்டால் தொழுகையின் பக்கமும் பிரார்த்தனையின் பக்கமும் விரையுங்கள் என்றும் தெளிவுபடுத்தினார்கள். ஸஹீஹுல் புகாரியிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் பல அறிவிப்பாளர்கள் வாயிலாக இச்செய்தி பதிவாகியுள்ளது.

சற்று நிதானித்துச் சிந்தித்துப் பாருங்கள். அன்று நபிகளார் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாய் திறவாமல் இருந்திருந்தாலே போதும். மக்கள் தாமாகவே நம்பியிருப்பர். அரபுக் கோத்திரங்கள் அணியணியாக இஸ்லாத்தில் நுழைந்துகொண்டிருந்த காலம் அது. முஹம்மதின் மகனுக்காகச் சூரியனே இருண்டது என்ற செய்தி ஒரே மாதத்தில் பாலைவனமெங்கும் பரவி, இன்னும் எத்தனையோ பேரை இழுத்து வந்திருக்கும். ஆயினும் மகனை மண்ணில் வைத்த அதே நாளில், துக்கத்தின் நடுவே எழுந்து நின்று, தமக்குச் சாதகமான ஒரு பொய்யை அவர்கள் தமது வாயாலேயே உடைத்தெறிந்தார்கள்.

வானியலாளர்கள் பின்னோக்கிக் கணித்து, கி.பி. 632 ஜனவரி 27ஆம் திகதி நிகழ்ந்த கிரகணமே அது என்கின்றனர். இதனோடு தொடர்புடைய இன்னொரு செய்தியையும் இளைஞர்கள் அறிந்து வைத்திருப்பது நல்லது. இப்றாஹீம் அவர்கள் மாதத்தின் பத்தாம் நாளில் வபாத்தானார்கள் என்று வரலாற்றாசிரியர் வாகிதி எழுதியிருந்தார். ஹிஜ்ரி 728இல் மறைந்த இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் அதனை ஏற்கவில்லை. சந்திரன் சூரியனுக்கும் பூமிக்கும் இடையே வரும் மாதக் கடைசியில் மட்டுமே சூரிய கிரகணம் நிகழ முடியும். எனவே பத்தாம் நாள் என்ற அத்தகவல் தவறு என அவர்கள் எழுதினார்கள். மார்க்க அறிஞர் ஒருவர் வானியலைக் கையிலெடுத்து, ஒரு செய்தியைப் பெருமைப்படுத்தாமல் பரிசோதித்திருக்கிறார். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நமது காலத்துக்கு வருவோம்.

எமது ஊர்களில் நிழற்பிரதித் தாள்களாகவும், பின்னர் மின்னஞ்சல்களாகவும், இப்போது கைத்தொலைபேசிச் செய்திகளாகவும் சில கதைகள் சுற்றிக்கொண்டேயிருக்கின்றன. சந்திரனில் கால் பதித்த நீல் ஆம்ஸ்ட்ரோங் அங்கே பாங்கோசையைக் கேட்டு இஸ்லாத்தைத் தழுவினார் என்பது ஒன்று. சந்திரனில் காற்று இல்லை. காற்றில்லாத இடத்தில் ஓசை பயணிக்காது என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் அறியும். ஆம்ஸ்ட்ரோங் தாம் மதம் மாறவில்லை என மறுத்தார். இக்கதை அந்தளவு பரவியதால், 1983ஆம் ஆண்டில் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களமே முஸ்லிம் நாடுகளிலுள்ள தனது தூதரகங்களுக்கு அந்த மறுப்பை அறிவிக்க நேர்ந்தது. கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோ, இரு கடல்கள் கலவாதிருப்பதைக் கண்டு முஸ்லிமானார் என்பது இன்னொன்று. அவர் 1997இல் காலமானபோது பாரிஸ் நோட்ரே டேம் தேவாலயத்தில் கத்தோலிக்க முறைப்படியே அவருக்கான இறுதி ஆராதனை நடைபெற்றது.

சந்திரன் பிளந்த அற்புதத்தை நாம் ஈமான் கொண்டிருக்கிறோம். ஸூரதுல் கமரும் ஸஹீஹான ஹதீஸ்களும் எமக்கு அதனை அறிவிக்கின்றன. ஆனால் 1969இல் அப்பலோ 10 விண்கலத்திலிருந்து எடுக்கப்பட்ட படமொன்றைக் காட்டி, இதோ பிளவின் தழும்பு என்று சொல்வது வேறு விடயம். படத்தில் காணப்படுவது சுமார் 300 கிலோமீற்றர் நீளமான ஒரு பள்ளத்தாக்கு. சந்திரனின் சுற்றளவோ ஏறத்தாழ 10,900 கிலோமீற்றர். இரு பிளவுகளுக்கிடையே நிலம் தாழ்ந்ததால் உருவான பள்ளமே அது என நிலவியலாளர்கள் விளக்குகின்றனர். அதன் மீது எமது அகீதாவை ஏற்றி வைக்க வேண்டிய தேவை என்ன?

மேலே சொன்னவற்றை நான் எங்கோ தொலைவில் நின்று பிறரைக் குறைகூறும் நோக்கில் எழுதவில்லை. எனது தவறொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

பாலைவனமொன்றில் எண்ணெய் தேடியவர்கள் தோண்டியெடுத்ததாகக் கூறப்பட்ட இராட்சத மனித எலும்புக்கூட்டின் படத்தை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். ஆத் கூட்டத்தினரின் எலும்பு என்று அதன் கீழே எழுதப்பட்டிருந்தது. அதை நான் நம்பினேன். நம்பியதோடு நில்லாமல் ஒரு ஜும்ஆ தினத்தில் மிம்பரில் நின்று அதைப் பற்றி உணர்ச்சிபூர்வமாகப் பேசியும் விட்டேன். ஊரில் நல்ல வரவேற்பு. சிலர் படத்தைச் சட்டமிட்டு வைக்கக் கேட்டார்கள்.

சில மாதங்களின் பின்னர், உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் மாணவர் ஒருவர் தொழுகை முடிந்து எல்லோரும் போகும்வரை காத்திருந்து என்னிடம் வந்தார். பாடசாலைப் பேச்சுப் போட்டியில் அந்த எலும்புக்கூட்டைப் பற்றி அவர் பேசியிருக்கிறார். பேச்சு முடிந்ததும் சக மாணவன் ஒருவன், அந்தப் படம் உருவான விதத்தை அவருக்குக் காட்டியிருக்கிறான். 2002ஆம் ஆண்டில் கனடா நாட்டு ஓவியக் கலைஞர் ஒருவர், இணையத்தில் நடந்த படப் போட்டியொன்றுக்காகக் கணினியில் செய்த வேலை அது. நியூயோர்க் மாநிலத்தில் 2000ஆம் ஆண்டில் யானையினத்தைச் சேர்ந்த பண்டைக்கால விலங்கொன்றைத் தோண்டியெடுத்தபோது பிடித்த படத்தின் மீது மனித எலும்புக்கூட்டை ஒட்டியிருந்தார். அவர் எவரையும் ஏமாற்ற எண்ணவில்லை. ஏமாந்ததும் பரப்பியதும் நாமே.

அந்த மாணவர் என்மீது கோபப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "ஹஸ்ரத், அது பொய்யென்றால் ஆத் கூட்டத்தைப் பற்றிக் குர்ஆனில் வருவதும்..." என்று தொடங்கியவர் வசனத்தை முடிக்கவில்லை. முடிக்க அவருக்கு அச்சம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அதைவிடப் பெரிய அச்சம். ஒரு பிள்ளையின் உள்ளத்தில் குர்ஆனையும் ஒரு போலிப் படத்தையும் ஒரே கயிற்றால் கட்டியவன் நான். படம் விழுந்தபோது கயிறு எதை இழுக்கும் என்று நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

அடுத்த ஜும்ஆவில் அதே மிம்பரில் நின்று, நான் சொன்னது தவறு என அறிவித்தேன். ஊர்ப் பெரியவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. நல்ல நோக்கத்தோடு சொன்னதுதானே, மக்களின் ஈமான் கூடியதுதானே என்றார்கள்.

நல்ல நோக்கத்துக்காகச் சொல்லப்படும் பொய்யை எமது முன்னோர்கள் எவ்வாறு நோக்கினார்கள் என்பதற்கு ஹதீஸ் கலை நூல்களில் ஓர் உதாரணம் உண்டு. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த நூஹ் இப்னு அபீ மர்யம் என்பவர் பல கலைகளைக் கற்றவர். குர்ஆனின் ஒவ்வொரு ஸூராவுக்கும் தனித்தனிச் சிறப்புகளைக் கூறும் ஹதீஸ்களை அவர் அறிவித்தார். இவை உமக்கு எங்கிருந்து கிடைத்தன என்று வினவப்பட்டபோது, மக்கள் குர்ஆனை விட்டுவிட்டு அபூஹனீபாவின் பிக்ஹிலும் இப்னு இஸ்ஹாக்கின் போர் வரலாறுகளிலும் ஈடுபட்டிருந்ததைக் கண்டு, நன்மையை நாடி இவற்றை இட்டுக்கட்டினேன் என ஒப்புக்கொண்டார். முஹத்திஸீன்கள் அவரது நோக்கத்தைப் பாராட்டினார்களா? இல்லை. குர்ஆனுக்காகவே சொல்லப்பட்ட அச்செய்திகளைப் பொய்யென ஒதுக்கியதோடு, அவரது பெயரையும் பொய்யர்களின் வரிசையில் எழுதி வைத்தார்கள். இன்று மாணவர்கள் இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸுக்கு உதாரணமாக அவரையே படிக்கிறார்கள்.

இலங்கை முஸ்லிம்களாகிய நாம் மறக்கக்கூடாத இன்னொரு படமும் உண்டு.

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் 9.1 அளவிலான பூமியதிர்ச்சி ஏற்பட்டது. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களில் பேரலைகள் எமது கிழக்குக் கரையை அடைந்தன. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காத்தான்குடி, கிண்ணியா என ஊர் ஊராக ஜனாஸாக்கள். தெற்கே ஹம்பாந்தோட்டையில் சந்தை நாளன்று கூடியிருந்தோர் அலையோடு போயினர். நாடு முழுவதிலும் 30,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த நாட்களில் மையவாடிகளில் நின்றவர்களுக்கு அதனை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

சில நாட்கள் செல்ல, களுத்துறைக் கரையோரத்தைச் செய்மதியிலிருந்து பிடித்த படமொன்று வெளிவந்தது. கரையேறிய நீர் மீண்டும் கடலுக்குள் இழுக்கப்படும்போது உண்டான சுழிப்புகள் அதில் தெரிந்தன. அந்தச் சுழிப்பில் 'அல்லாஹ்' என்ற அரபுச் சொல் இருப்பதாக எம்மவர் சிலர் கூறினர். உலகச் செய்தி நிறுவனங்களும் அதனை வெளியிட்டன. அல்லாஹ் தனது தண்டனைக்குக் கையொப்பமிட்டுள்ளான் என்று பேசப்பட்டது.

பின்வாங்கும் வெள்ளம் கரையின் மேடு பள்ளங்களில் மோதிச் சுழலும். சுழிப்புகள் வளைவுகளையும் கோடுகளையும் உண்டாக்கும். அரபெழுத்தும் வளைவுகளாலும் கோடுகளாலும் ஆனதே. தேடும் கண்ணுக்கு அது கிடைத்துவிடும். விஞ்ஞான விளக்கம் இவ்வளவுதான். அதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. மருதமுனையில் மூன்று பிள்ளைகளை அலைக்குக் கொடுத்த ஒரு தாயிடம் அந்தப் படத்தைக் காட்டினால் அவள் அதனை எவ்வாறு வாசிப்பாள்? நீரில் மூழ்கி மரணிப்போர் ஷஹீத்களின் கூலியைப் பெறுவர் என்றல்லவா நபி (ஸல்) அவர்கள் எமக்கு அறிவித்திருக்கிறார்கள்? இப்றாஹீமின் ஜனாஸாவன்று வானத்தின் மாற்றத்தைத் தமது வீட்டுத் துயரத்தோடு முடிச்சுப் போட மறுத்த நபியின் உம்மத்தினர், கடலின் மாற்றத்தை அடுத்தவர் வீட்டுத் துயரத்தோடு முடிச்சுப் போட்டோம்.

இவ்விடத்தில் இளைஞர்களிடம் நியாயமான கேள்வியொன்று எழலாம். போலிகளை விட்டுவிடுவோம், உண்மையாகவே நிறுவப்பட்ட விஞ்ஞானத்தைக் கொண்டு குர்ஆனை விளக்கலாம் அல்லவா?

விளக்கலாம், பேணுதலோடு. ஸூரதுல் அன்பியாவின் 30ஆவது வசனம், வானங்களும் பூமியும் இணைந்திருந்து பின்னர் பிரிக்கப்பட்டதைக் கூறுகிறது. வானம் மழை பொழியாமலும் பூமி பயிர் முளைக்காமலும் மூடுண்டிருந்து, பின்னர் மழையாலும் தாவரங்களாலும் திறக்கப்பட்டன என்றொரு விளக்கம் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களைத் தொட்டும் வந்துள்ளது. இன்று பலர் அதனைப் பெருவெடிப்புக் கோட்பாட்டோடு இணைத்துப் பேசுகின்றனர். வசனத்தின் சொற்கள் அதற்கும் இடந்தரலாம். ஆனால் இடந்தரும் என்பதும் இதுவே பொருள் என்பதும் ஒன்றல்ல. பின்னதைச் சொல்பவர், நபித்தோழரின் விளக்கம் பிழையென்றும் தம்மையறியாமல் சொல்லிவிடுகிறார்.

இதில் எமக்கு முன்னர் கிறிஸ்தவ உலகம் பெற்ற அனுபவம் ஒன்று இருக்கிறது. பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்டவர்களுள் முக்கியமானவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் லெமைத்ர். அவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், இக்கோட்பாடு படைப்பை உறுதிப்படுத்துகிறது எனும் பாங்கில் உரையாற்றினார். மகிழ்ந்திருக்க வேண்டிய லெமைத்ர் கவலையுற்றார். காரணம், அக்காலத்தில் அது இன்னும் நிறுவப்படாத கோட்பாடு. பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை எனும் எதிர்க் கோட்பாடு 1948இல் முன்வைக்கப்பட்டு, பெரும் விஞ்ஞானிகளின் ஆதரவையும் பெற்றிருந்தது. பிரபஞ்சமெங்கும் பரவியுள்ள நுண்ணலைக் கதிர்வீச்சு 1965இல் அறியப்பட்ட பின்னரே தராசு சாய்ந்தது. தராசு மறுபக்கம் சாய்ந்திருந்தால், வேதத்தை அதில் ஏற்றி வைத்தவர்களின் நிலை என்னவாகியிருக்கும்? லெமைத்ர் தமது மதத்தையும் விட்டுவிடவில்லை, ஆய்வையும் விட்டுவிடவில்லை. ஒன்றுக்கு மற்றொன்றைச் சாட்சியாக நிறுத்த வேண்டாம் என்றே வேண்டிக்கொண்டார். நபிகளாரின் கிரகண நாள் குத்பாவை வைத்திருக்கும் நாம் இதனை ஒரு பாதிரியாரிடமிருந்து கேட்க நேர்வது சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவ்வாறெனில் குர்ஆன் விஞ்ஞானத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லையா? ஒட்டகத்தையும் வானத்தையும் மலைகளையும் பூமியையும் பார்க்கும்படி ஸூரதுல் காஷியா ஏவுகிறது. சூரியனும் சந்திரனும் கணக்கின்படி இயங்குவதாக ஸூரதுர் ரஹ்மான் கூறுகிறது. கணக்கு இருக்கிறது என்று அறிவித்துவிட்டு, கணக்கிடும் பணியை அல்லாஹ் எமது அறிவிடம் விட்டிருக்கிறான். முன்னைய முஸ்லிம்கள் அதனை அப்படித்தான் விளங்கிக்கொண்டார்கள். அல்பிரூனி கி.பி. 11ஆம் நூற்றாண்டில் கஸ்னா நகரிலிருந்து கிப்லாவின் திசையைத் துல்லியமாக அறிய விரும்பி, நகரங்களின் இடங்களை அளந்து ஒரு நூலே எழுதினார். இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனாக் கோட்டையருகே மலையுச்சியில் நின்று அடிவானத்தின் சரிவை அளந்து, பூமியின் பருமனையும் கணக்கிட்டார். டமஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் பணியிலிருந்த இப்னுஷ் ஷாதிர் (மறைவு 1375) சந்திரனின் இயக்கத்துக்கு அமைத்த கணித மாதிரியைத்தான் பின்னாளில் கொப்பர்னிக்கஸின் நூலிலும் ஆய்வாளர்கள் காண்கின்றனர். குர்ஆனில் இது முன்னரே இருந்தது என்று எழுத இவர்கள் பேனா எடுக்கவில்லை. குர்ஆன் பார்க்கச் சொன்னதால் பார்த்தார்கள். பிறர் கண்டுபிடித்த பின்னர் வசனத்தைத் தேடும் பழக்கம் எமக்கு எப்போது வந்தது?

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை ஒரு படத்தையோ செய்தியையோ கொண்டுவந்து, வாப்பா இதைப் பாருங்கள் என்று காட்டினால், உடனே ஸுப்ஹானல்லாஹ் சொல்லிப் பத்துப் பேருக்கு அனுப்பிவிடாதீர்கள். இதைச் சொன்னவர் யார், அவருக்கு யார் சொன்னது, எப்போது, எங்கே என்று அவரிடமே கேளுங்கள். ஸனத் பார்க்கும் கலை எமது உம்மத்தின் சொத்து. செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்று ஸூரதுல் ஹுஜுராத் ஏவுவது பகைவரைப் பற்றிய செய்திக்கு மட்டுமல்ல, எமக்கு இனிக்கும் செய்திக்கும் பொருந்தும். கேள்விப்பட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்ற கருத்திலான நபிமொழியை இமாம் முஸ்லிம் தமது கிரந்தத்தின் முகவுரையிலேயே வைத்திருக்கிறார்கள். பிள்ளை கேள்வி கேட்டால் ஷைத்தானின் ஊசலாட்டம் என்று வாயை அடைக்கவும் வேண்டாம். அந்த மாணவர் என்னிடம் வராமல் தமக்குள்ளேயே அந்த வசனத்தை முடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் இப்போதும் எண்ணிக் கலங்குவதுண்டு.

அல்ஹம்துலில்லாஹ், அவர் வந்தார். 2019 டிசம்பர் 26ஆம் திகதி, சுனாமியின் பதினைந்தாம் நினைவு நாளன்று, எமது நாட்டின் வானில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. வடக்கிலும் திருகோணமலைப் பகுதியிலும் அது வளைய வடிவில் தெரிந்தது. அந்த நேரம் பல ஆண்டுகளுக்கு முன்னரே கணிக்கப்பட்டிருந்ததால், எமது பள்ளிவாசலில் கிரகணத் தொழுகைக்கு முதல் நாளே அறிவித்தல் கொடுத்தோம். ஒவ்வொரு ரக்அத்திலும் இரண்டு ருகூஉகளோடு நபிவழியில் தொழுது முடித்து வெளியே வந்தபோது, அதே மாணவர், இப்போது வாலிபர், அட்டையில் ஊசித் துளையிட்டு, சிறுவர்களுக்கு நிலத்தில் விழும் பிறைவடிவ ஒளியைக் காட்டிக்கொண்டிருந்தார். யாருடைய மரணத்துக்காக இப்படி ஆகிறது என்று ஒரு சிறுவன் கேட்டான். எவருடைய மரணத்துக்காகவும் இல்லை என்று சொல்லிவிட்டு, மூன்று கற்களை வைத்து அவர் விளக்கத் தொடங்கினார்.

2027 ஆகஸ்ட் 2ஆம் திகதி மக்கா மாநகரின் வானில் சுமார் ஐந்து நிமிடங்கள் முழுச் சூரிய கிரகணம் நிகழும் எனக் கணிக்கப்பட்டுள்ளது. அவர் அந்தத் திகதியைக் குறித்து வைத்துக்கொண்டு, உம்ராவுக்காகப் பணம் சேர்த்து வருகிறார்.